களத்துக்குக் கிடைக்காத தார்

புரட்டாசிக் கடைசியில் கீழ்வேளூர் வழியாகப் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். தேசிய நெடுஞ்சாலை 83-இல் ஒரு பக்கத்தை அடைத்துக் குறுவை நெல் காய்கிறது. ஓரத்தில் வரிசையாகக் கற்கள். முனையில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கம்பு. இரண்டு பெண்கள் காலாலேயே நெல்லில் கோடு கிழித்துக் கிளறிக்கொண்டு நடக்கிறார்கள். நாகப்பட்டினம் போகும் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே எதிர்ப்பக்கம் ஏறி, வருகிற லாரிக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி இறங்குகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டையைத் தள்ளிவைத்துவிடுவார்கள். அதைத் தளர்த்தச் சொல்லி மழை பிடித்துக்கொண்ட வருஷமெல்லாம் டெல்லிக்குக் கடிதம் போகும். பதில் வரும்வரை நெல் காத்திருக்காது, முளைத்துவிடும். களம் கிடையாது. அதனால் நெடுஞ்சாலை.

அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் ஒரு கல்யாண மண்டபம். இரும்புக் கேட்டில் பெரிய பூட்டு. கேட்டுக்குப் பின்னால் ஒரு மாவுக்குக் குறையாத இடம், சுவர் முதல் சுவர் வரை தார். கார் நிற்க வெள்ளைக் கோடு போட்ட கட்டங்கள். உள்ளே ஒரு சைக்கிள்கூட இல்லை. புரட்டாசியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? ஆடியில் இல்லை, மார்கழியில் இல்லை. மற்ற மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம் என்று சில நாள். வருஷத்தின் பெரும்பகுதி அந்தத் தார் எதையும் சுமக்காமல் வெயிலை மட்டும் வாங்கிக்கொண்டு கிடக்கிறது. நெல்லோ, லாரி ஓடுகிற தாரில் காய்கிறது.

தார் எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கக் கூடாது என்பதை நாம் தலைகீழாக முடிவு செய்து வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கட்சி. சாலைக்குத் தார் போடுங்கள், நன்றாகவே போடுங்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் போடாதீர்கள், அதுவும் காவிரிக் கழிமுகத்தில்.

இதை எழுதக் காரணம் எங்கள் பெரியப்பா. தெருவுக்குப் புதிதாகச் சாலை போடப் போகிறார்கள். வேலையை எடுத்திருக்கும் மேஸ்திரி வந்து, "ஐயா, கலவை எப்படியும் மிஞ்சும், உங்க வாசலுக்கும் சேத்து இழுத்து விட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரியப்பாவுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். சிவில் படித்தவன் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். கேட்டார் என்பதுகூடச் சரியில்லை, அறிவித்தார். "போட்டுட்டா புல்லு மொளைக்காதுடா. கார் நிறுத்த நல்லா இருக்கும். சேறு இல்லை, சகதி இல்லை." வேண்டாம் என்றேன். அன்று ஆரம்பித்த சண்டை இது.

முதலில் அந்தப் பொருளைப் பார்த்துவிடலாம். நாம் தார் என்று சொல்வது தார் இல்லை. நிலக்கரியிலிருந்து வடிப்பது தார். சாலையில் போடுவது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் தங்கும் கறுப்புப் பிசின், பிட்டுமன். நிலக்கீல் என்று நல்ல தமிழ்ச் சொல் உண்டு, பாவம், அது பாடப்புத்தகத்தை விட்டு வெளியே வரவில்லை. நானும் தார் என்றே எழுதுகிறேன்.

இந்தப் பிசின் திடப்பொருள் மாதிரி இருக்கும், ஆனால் குணத்தில் பாதி திரவம். சட்டென்று அடித்தால் கல் மாதிரி எதிர்க்கும். நிதானமாக அழுத்தினால் விட்டுக்கொடுக்கும். நம் சாலைகளில் பரவலாகப் போடும் விஜி-30 ரகத்துக்கு இளகுநிலை 47 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. சித்திரை வெயிலில் கறுப்புத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஓடுகிற பஸ்ஸின் சக்கரம் ஒரு இடத்தில் நொடிப்பொழுதுகூட நிற்பதில்லை, அதனால் சாலை தாங்குகிறது. நிறுத்திய கார் நாலு சக்கரத்தையும் அதே நாலு இடத்தில் மணிக்கணக்கில் ஊன்றிக்கொண்டு நிற்கிறது. இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். மே மாதம் தார் ரோட்டில் பைக்கை சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்டாண்டு உள்ளே இறங்கி வண்டி சாய்ந்துவிடும் என்று அடியில் ஒரு சில்லுக்கல்லைத் தேடி வைப்போம். அந்தச் சில்லுக்கல் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்.

அடுத்தது எண்ணெய். நிற்கிற வண்டி சொட்டும். டீசலும் என்ஜின் ஆயிலும் தாரும் ஒரே கிணற்றுப் பிள்ளைகள், ஒன்று இன்னொன்றைக் கரைக்கும். சொட்டிய இடத்தில் தார் இளகி ஜல்லி கழன்று வரும். பெட்ரோல் பங்கில் பம்புக்கு முன்னால் என்ன தரை இருக்கிறது என்று பாருங்கள். கான்கிரீட் இருக்கும், அல்லது கல். எண்ணெய் விற்பவருக்குத் தெரிந்தது மண்டபக்காரருக்குத் தெரியவில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தார் புழங்கப் புழங்கத்தான் உயிரோடு இருக்கும். வண்டி ஓடும் சாலையில் சக்கரம் அதைத் தொடர்ந்து பிசைந்துகொண்டே இருப்பதால் சின்ன வெடிப்புகள் மூடிக்கொள்ளும். யாரும் வராத இடத்தில் காற்றும் வெயிலும் சேர்ந்து அதைக் காயவைத்து, கறுப்பு வெளுத்துச் சாம்பலாகி, முறுக்கு மாதிரி நொறுங்கும். அதாவது வருஷத்தில் சில நாள் மட்டும் பயன்படும் இடத்துக்குத் தாரைப் போல் பொருந்தாத பொருள் இன்னொன்று இல்லை. அந்தச் சில நாளிலும் வைகாசி முகூர்த்தத்தில் சீர்வரிசைத் தட்டோடு செருப்பில்லாமல் அந்த மைதானத்தைக் கடக்கும் அத்தைகளின் பாதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

"அமெரிக்காவுல எல்லா வீட்டு முன்னாடியும் தார்தான்" என்று ஒரு நண்பன் யூடியூப் லிங்க் அனுப்பினான். பார்த்தேன். எல்லா வீட்டிலும் இல்லை, குளிர் அதிகமான வடக்கு மாநிலங்களில் நிறைய. அங்கே தரைக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து, பிறகு உருகும். அந்த ஏற்ற இறக்கத்துக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் தரை வேண்டும். தவிர கறுப்புத் தரை வெயிலைக் குடித்து மேலே கிடக்கும் பனியைச் சீக்கிரம் உருக்கும். அவர்களுக்கு அது நியாயமான தேர்வு. கீழ்வேளூரில் உருக்க என்ன பனி கிடக்கிறது? அதே அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் 2006-இல், வண்டி நிறுத்துமிடங்களின் மேல் பளபளப்புக்காகப் பூசும் நிலக்கரித் தார் பூச்சைத் தடை செய்தது. மழை அதைக் கழுவி ஓடைகளில் சேர்த்த நச்சுதான் காரணம். அந்தச் செய்தி மட்டும் யூடியூப் வழியாக நம் ஊருக்கு வந்து சேருவதில்லை.

இனி மண்ணுக்கு வருவோம். ஓடம்போக்கியும் வெட்டாறும் கடலுக்குப் போகும் வழியில் களைத்து நடக்கும் பகுதி இது. ஆறு கொண்டுவந்து போட்ட களிமண்தான் அடியெல்லாம். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசியில் ஊதிக்கொள்ளும். அதன்மேல் தாரால் ஒரு மூடி போட்டால் நடுவில் ஈரம் அப்படியே இருக்கும், ஓரம் மட்டும் காயும். அதனால்தான் நம் கிராமத்துச் சாலைகளில் ஓரத்துக்கு இணையாக நீளநீளமாக வெடிப்பு ஓடுகிறது. இதைத் தடுக்க அடியில் நல்ல மண்ணைக் கொட்டி இறுக்கி, மேலே ஜல்லி அடுக்குகள் போட வேண்டும். அந்த ஜல்லியில் ஒரு கல்கூட நாகப்பட்டினம் மாவட்டத்தில் விளைவதில்லை. இந்த நெல் நாட்டில் மலை ஏது? புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளை உடைத்து லாரியில் கொண்டு வர வேண்டும். சாலைக்கு அந்தச் செலவைச் செய்யலாம், ஆயிரம் பேர் போகிறார்கள். பெரியப்பாவின் ஒரு காருக்கு எதற்காக ஒரு குன்றின் மூலையை உடைக்க வேண்டும்?

மேஸ்திரியின் "மிஞ்சின கலவை" வேறு கதை. கலவை ஆலையிலிருந்து சுமார் 150 டிகிரி சூட்டில் கிளம்பும். சூடு இறங்குவதற்குள் பரப்பி ரோலரை ஏற்றி முடிக்க வேண்டும். சாலை வேலை முடிந்தபின் மிச்சத்தை மண்வெட்டியால் வாரி வாசலில் தட்டிவிட்டால் அது இறுகாது. உள்ளே துவாரம் துவாரமாக இருக்கும். தண்ணீர் அதில் புகுந்து கல்லையும் தாரையும் பிரிக்கும். இரண்டு மழைக்காலம். அதன்பின் பெரியப்பா வாசலில் கறுப்புக் கடலைமிட்டாயை உடைத்துக் கொட்டினது மாதிரி இருக்கும். (மேஸ்திரியைத் தப்பு சொல்லவில்லை. அவர் அன்பாகத்தான் கேட்டார்.)

இதெல்லாம் காசு வீணாகும் சமாச்சாரம், அவரவர் பாடு என்று விட்டுவிடலாம். விட முடியாதது தண்ணீர்.

தார்த் தளத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது. நின்றால் அது செத்தது. ஆகவே நூறு அடிக்கு இரண்டு அடி என்ற கணக்கில் சரிவு வைக்க வேண்டும். மண்டபத்து மைதானம் 30 மீட்டர் நீளம் என்றால் ஒரு முனை மறுமுனையைவிட 60 சென்டிமீட்டர் உயரம். மலைநாட்டில் 60 சென்டிமீட்டர் ஒரு விஷயமே இல்லை. இங்கே அது ஒரு வீட்டுக்குள் தண்ணீர் வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். யாரும் மறுமுனையைத் தோண்டிப் பள்ளமாக்குவதில்லை. மொத்த மனையையும் கிராவல் அடித்து மேடாக்கிவிட்டு அதன்மேல்தான் சரிவு வைக்கிறார்கள்.

ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 1,350 சதுர மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் பெய்வது நமக்குப் புதிதில்லை. கணக்குப் போட்டால் ஒரு மா தார்த்தரையில் 1,35,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் பதினொரு லாரி. அத்தனையும் ஒரு சொட்டு நிற்காமல் சரிவில் வழிந்து வெளியே போகிறது. வெளியே என்றால் எங்கே?

"களிமண் மட்டும் குடிச்சிருமாக்கும்?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நனைந்த களிமண் மிகக் கொஞ்சம்தான் குடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடை வெடிப்போடு இருக்கும் மண் முதல் மழைகளை வாங்கிக்கொள்ளும். ஐப்பசியில் ஊறிப்போன பிறகும் புல்லும் பள்ளமும் வாழைக்கொல்லையும் தண்ணீரைத் தடுத்து நிறுத்தி மெதுவாகத்தான் விடும். பதினொரு லாரித் தண்ணீர் இரண்டு நாளில் வடிவதும் இரண்டு மணி நேரத்தில் வந்து விழுவதும் ஒன்றா? தாழ்வில் இருப்பவரைக் கேட்டால் சொல்வார். மொகஞ்சதாரோவில் பெருங்குளத்துச் சுவரில் நிலக்கீல் பூசியிருந்தார்கள், தண்ணீர் கசிந்து போய்விடக் கூடாது என்று. அதே பொருளை நாம் தண்ணீரை அடுத்தவன் வீட்டுக்கு விரட்டப் பயன்படுத்துகிறோம்.

இந்த ஊரில் உயர்த்திக் கட்டுவது பழைய வழக்கம்தான். கேடிலியப்பர் கோயிலே மாடக்கோயில். கோச்செங்கட் சோழன் யானை ஏற முடியாதபடி உயர்த்திக் கட்டினான் என்பார்கள். உயர்த்தியது கோயிலை. தெருவை இல்லை. கோயிலுக்குக் குளமும் உண்டு. இப்போது எல்லோரும் உயர்த்துகிறார்கள், யாரும் குளம் வெட்டுவதில்லை.

எங்கள் வீட்டுக்கு நான் சின்னப் பையனாக இருந்தபோது மூன்று படி ஏறிப் போக வேண்டும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி போட்டார்கள். இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். நல்ல உத்தரவு. சாலைக்காவது அப்படி ஒரு உத்தரவு இருக்கிறது. தனியார் மனை எவ்வளவு உயரலாம், அந்தத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்று நம் பக்கத்தில் யாரும் அளந்து பார்ப்பதே இல்லை.

இந்த இடத்தில் ஒரு குரல் குறுக்கிடும். எனக்கே உள்ளுக்குள் கேட்கும் குரல்தான். "சிட்டியில உக்காந்துக்கிட்டு மண் வாசல், சாணித் தெளிப்புன்னு கவிதை எழுதாதே. சகதியில நடந்து பள்ளிக்கூடம் போனவங்களுக்குத்தான் தார் ரோட்டோட அருமை தெரியும்." முழுக்கச் சரி. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசையோடு எரித்த கீழ்வெண்மணி இந்தக் கீழ்வேளூர் வட்டத்தில்தான் இருக்கிறது. மேலத்தெரு வரைக்கும் வந்து அதோடு நின்றுபோகும் சாலைகளின் வரலாறு நம் ஊர்களில் எல்லாம் உண்டு. காலனித் தெருவுக்குத் தார் கேட்டு மனு கொடுப்பதும் மறியல் செய்வதும் ரசனைப் பிரச்சினை இல்லை, உரிமைப் பிரச்சினை. ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டும், பிணம் சகதியில் வழுக்காமல் போக வேண்டும். அந்தத் தாருக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் அந்தத் தெருக்கள் எங்கே இருக்கின்றன? பெரும்பாலும் ஊரின் தாழ்வான பக்கத்தில், வடிகாலை ஒட்டி. மேடெல்லாம் முன்பே எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. மண்டபத்து மைதானத்திலிருந்தும் மேலத்தெருவின் தார் வாசல்களிலிருந்தும் கிளம்பும் அந்தப் பதினொரு லாரியும் கடைசியில் போய் நிற்பது அங்கேதான். போராடி வாங்கிய சாலை அந்தத் தண்ணீரில் ஊறிப் பெயர்கிறது. ஆகவே தாரை ஆதரிப்பவர்கள்தான் மண்டபத்துத் தாரை முதலில் எதிர்க்க வேண்டும்.

கோலத்தைப் பற்றி யாராவது கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், கோலம் தார்மேல் பிரமாதமாக எடுக்கும். கறுப்பில் வெள்ளை. மார்கழியில் நடுரோட்டில் போடுகிறார்களே, அழகுக்கு என்ன குறை? தோற்றத்தை வைத்து நான் வாதாட வரவில்லை. பேவர் பிளாக் கட்சிக்காரர்களும் ரொம்பச் சந்தோஷப்பட வேண்டாம். அடியில் மணல் போட்டுப் பதிக்க வேண்டியதைச் சிமென்ட் கலவையில் ஒட்டிவைத்தால் அதுவும் மூடிதான், சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மூடி.

மறுபடி நெல்லுக்கு வருகிறேன். மூடிய தரை நியாயமாக வேண்டிய இடம் ஒன்று இருந்தால் அது களம். அதற்கும் தார் ஏற்றதில்லை. அந்தச் சூட்டில் நெல் வேகமாகக் காய்ந்து உள்ளே கீறல் விடும், மில்லில் நொய்யாக விழும், ஜல்லித் துணுக்கும் சேரும். கொள்முதல் நிலையத்தை ஒட்டிச் சிமென்ட் களமும் மேலே ஒரு கூரையும் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள்தான் நெடுஞ்சாலைக்கு வருகிறார்கள். அது கட்டி முடிகிறவரை? புரட்டாசியில் மண்டபத்துக் கேட்டைத் திறந்துவிடலாம். ஏற்கெனவே தார் போட்டுத் தொலைத்தாயிற்று. கீழே தார்ப்பாயை விரித்து நெல்லைக் கொட்டினால், குறைந்தது அந்தப் பெண்கள் லாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை. இதைப் பேரூராட்சி கேட்கலாம், விவசாயச் சங்கம் கேட்கலாம், மண்டபத்தில் கல்யாணம் நடத்திய ஒவ்வொரு மிராசுதாரரும் கேட்கலாம். அவர் வீட்டு நெல்லும் அந்த ரோட்டில்தான் காய்கிறது.

இனிமேல் போடப்போகிறவர்களுக்கு: கார் நான்கு சக்கரத்தில் நிற்கிறது, முழு வாசலில் இல்லை. சக்கரம் போகும் இரண்டு தடத்தை மட்டும் இறுக்கினால் போதும், நடுவில் புல் கிடக்கட்டும். களிமண்ணில் சுண்ணாம்பைக் கலந்து இறுக்கினால் அதன் ஊதும் குணம் குறையும், இது பொறியாளர்கள் எல்லோரும் அறிந்த வேலை. சுண்ணாம்போடு உமிச்சாம்பலும் சேரும். அரிசி ஆலைகளில் அது மலையாகக் குவிந்து கிடக்கிறது, இந்த நாட்டில் இருக்கும் ஒரே மலை. மேலே உடைந்த செங்கல். மண்டபத்துக்கும் இதுவே போதும். முகூர்த்த நாளுக்கு நடைபாதை மட்டும் கல் பாவலாம். மனையை உயர்த்தியே தீருவேன் என்பவர் அதே மனையின் மூலையில் ஒரு குட்டை வெட்டட்டும்.

போன வாரம் பெரியப்பா போன் பண்ணினார். கலவை லாரி வந்துவிட்டதாம். "ரெண்டு தடம் மட்டும் போடுப்பான்னேன். அதுல ரோலர் ஏறாது, போட்டா முழுசாத்தான் போடணுங்குறான்" என்றார். அப்புறம் என்ன செய்தீர்கள் என்றேன். "வேணாம் போன்னுட்டேன். ஆனா பெரியம்மாவுக்குக் கோவம், ஓசியில வந்ததை விட்டுட்டேன்னு." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பெரியம்மா ஏதோ சொல்வது கேட்டது.

"ஏண்டா, இடிச்ச அடுப்படிச் செங்கல் கொல்லையில கெடக்குது, அது ஆவுமா? சுண்ணாம்பு எத்தனை மூட்டை வாங்கணும்?"